பெட்டியில் 2500 மடங்கு, வேலைக்கு 400: இலைத்துளை பார்க்க வாங்கிய மைக்ரோஸ்கோப்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘2500 மடங்கு’ என்று போட்டிருக்கிறது. அந்த எண்ணை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். நான் இதை வாங்கியது ஒரே ஒரு வேலைக்காக. உயிரோடு இருக்கும் இலைத்துளை திறப்பதையும் மூடுவதையும் என் மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு செல்லை வரைந்து, பக்கத்தில் ‘திறந்த நிலை’, ‘மூடிய நிலை’ என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால், மனப்பாடம் செய்த வரி வரும். பார்த்த அனுபவம் வராது. உயிரியல் டீச்சராக எனக்கு இது வெகு நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

அந்த வேலையை இந்தக் கருவி செய்கிறதா என்றால், செய்கிறது. சில எரிச்சல்களோடு செய்கிறது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இதே உடம்பு நாலைந்து பெயர்களில் வருகிறது, ஸ்டிக்கர் மட்டும்தான் மாறுகிறது. அடையாளம் வேண்டுமென்றால்: ஒற்றைக் கண் குழாய், 4, 10, 40, 100 மடங்கில் நான்கு பொருளருகு லென்ஸ்கள், 10, 25 மடங்கில் இரண்டு கண்ணருகு லென்ஸ்கள், கீழே வெள்ளை எல்இடி விளக்கு, ஸ்லைடை இரண்டு திசையில் நகர்த்தும் மேடை, கண்ணருகு லென்ஸுக்குப் பதிலாகச் செருகிக்கொள்ள ஒரு யுஎஸ்பி கேமரா. மாணவர் மைக்ரோஸ்கோப் என்ற வகையில் பரவலாகக் கிடைக்கும் அமைப்புதான்.

இணையத்தில் இந்த மாதிரிக் கருவிகளுக்கு வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் வெங்காயத் தோலோடு முடிந்துவிடும். அது எந்தக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும். செல்கள் பெரியவை, அசையாதவை, அவசரமும் இல்லை. இலைத்துளை அப்படியில்லை. துளை என்று சொல்கிறோமே தவிர, அது தனி உறுப்பு கிடையாது. இரண்டு காப்பு செல்களுக்கு நடுவில் விழும் இடைவெளி. செல்களுக்குள் தண்ணீர் ஏறினால் விறைப்பழுத்தம் கூடி அவை வளைந்து விலகும், இடைவெளி திறக்கும். தண்ணீர் வெளியேறினால் தளர்ந்து ஒன்றோடொன்று படிந்துகொள்ளும். பெரும்பாலான செடிகளில் காப்பு செல்லின் நீளம் 10 முதல் 80 மைக்ரோமீட்டருக்குள். திறக்கும் அகலமோ சில மைக்ரோமீட்டர்தான், 10ஐத் தொட்டாலே நன்றாகத் திறந்திருக்கிறது என்று சொல்லலாம். அந்தச் சில மைக்ரோமீட்டர் கூடுவதையும் குறைவதையும், நடுவில் கரைசலை மாற்றிக்கொண்டே, ஒரே செல் ஜோடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். லென்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. மேடை நகரக் கூடாது, ஃபோகஸ் இறங்கக் கூடாது, விளக்கு சூடாகக் கூடாது.

முதலில் லென்ஸ். 4 மடங்கும் 10 மடங்கும் குறை சொல்ல இடமில்லை. 40 மடங்கு லென்ஸின் உடம்பில் 0.65 என்று பொறித்திருக்கிறது. லென்ஸ் எவ்வளவு நுணுக்கம் வரை காட்டும் என்பதைச் சொல்லும் எண் அது, அதுதான் முக்கியம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் அரை மைக்ரோமீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். 10 மடங்கு கண்ணருகு லென்ஸோடு சேர்த்தால் 400 மடங்கு. வட்டத்துக்குள் விழும் பரப்பின் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இலைத்துளை வேலை முழுவதும் இங்கேதான் நடக்கிறது. அதே லென்ஸில் 25 மடங்கு கண்ணருகு லென்ஸைப் போட்டால் படம் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. பொறித்திருக்கும் அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை, இங்கே 650. அதற்கு மேல் போவதெல்லாம் மங்கலைப் பெரிதாக்குவது. 25 மடங்கு லென்ஸ் பெட்டியிலேயே தூங்குகிறது.

100 மடங்கு எண்ணெய் லென்ஸைப் பற்றி ஒரு வரி போதும். இலையிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய தோலை, அதாவது உயிருள்ள உரியை, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும்போது, லென்ஸுக்குக் கீழே விடும் எண்ணெய், உரியின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைப் பிடித்து இழுக்கும், எல்லாம் நகர்ந்துவிடும்.

செடிக்கு வருவோம். ரியோ செடியின் இலையை எடுத்துக்கொண்டேன். அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருக்குமே, அதுதான். இலையைச் சாய்வாக மடித்துக் கிழித்தால், கிழிந்த ஓரத்தில் அடிப்புறத்தோல் மெல்லிய ஊதாப் பட்டையாகத் தனியே நீட்டிக்கொண்டு வரும். அதை உடனே தண்ணீரில் போட வேண்டும். காற்றில் சில நொடி விட்டாலே சுருண்டுகொள்ளும், அப்புறம் பிரித்து விரிப்பதற்குள் பாதி செல்கள் செத்துவிடும். 10 மடங்கில் பார்த்தால் ஊதாத் தரைக்கு நடுவே ஆங்காங்கே நிறமில்லாத திட்டுகள். 40க்குப் போனால், நிறமற்ற நான்கு துணை செல்கள் சூழ, நடுவில் பச்சைப் புள்ளிகளோடு இரண்டு காப்பு செல்கள். புறத்தோலின் சாதாரண செல்களில் பசுங்கணிகம் பெரும்பாலும் கண்ணில் படாது, காப்பு செல்களில் தெளிவாகத் தெரியும். இந்தக் கருவியின் லென்ஸ் அந்தப் பச்சையையும் ஊதாவையும் சுத்தமாகப் பிரித்துக் காட்டுகிறது. செல் ஓரத்தில் லேசாக ஒரு நீல விளிம்பு விழுகிறது, இந்த வகை லென்ஸில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். கீழே ஒளி வரும் வாயைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸைக் கொஞ்சம் சுருக்கினால் விளிம்பு குறைந்து செல் சுவர் எடுப்பாகத் தெரியும். முழுக்கச் சுருக்கினால் நுணுக்கம் போய்விடும், முக்கால் பங்கு திறப்பில் வைத்தால் சரி.

இனிதான் நான் இதை வாங்கியதற்கான சோதனை.

உப்புக் கரைசலை 1 சதவீதம், 2, 3 என்று 5 வரை தனித்தனிக் குப்பிகளில் வைத்துக்கொள்ளுங்கள். துளைகள் திறந்திருக்கும் உரி ஒன்றை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் ஃபில்டர் பேப்பரைத் தொட்டால் பழைய தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் புதுக் கரைசல் உள்ளே ஓடிவரும். கண் லென்ஸிலேயே இருக்கட்டும்.

1 சதவீதத்தில் ஊதா செல்கள்தான் முதலில் மாறும். செல் சுவர் அப்படியே நிற்க, உள்ளே இருக்கும் ஊதா மட்டும் மூலையிலிருந்து விலக ஆரம்பிக்கும். முதலில் மூலை வெளுக்கும், பிறகு ஒரு பக்கம் முழுவதும் வெளுக்கும், ஊதா ஒரு உருண்டைபோல் நடுவுக்கு ஒதுங்கும். பிளாஸ்மா சிதைவு என்று படித்தோமே, அதை இவ்வளவு வண்ணமாகக் காட்டும் செடி குறைவு. ஆனால் அதே வட்டத்துக்குள் இருக்கும் காப்பு செல்களைப் பாருங்கள். அவை பெரும்பாலும் அசைந்து கொடுக்காது, துளை திறந்தபடியே இருக்கும். கரைசலை 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போனால்தான் அவை தளர ஆரம்பிக்கும். விளிம்புகள் நெருங்கும், நடுவில் இருந்த நீள்வட்டம் குறுகி ஒரு கோடாகும். ‘டீச்சர், அது மூடுது’ என்று ஒரு பையன் கத்தினான். லென்ஸிலிருந்து தலையை எடுக்கவே மாட்டேன் என்றான், பின்னால் வரிசை நின்றது.

இதில் இருக்கும் செய்தியைக் கவனியுங்கள். திறந்த துளையைக் காக்கும் செல்லுக்குள் இருக்கும் கரைபொருளின் அடர்த்தி, பக்கத்து வீட்டு ஊதா செல்லைவிட எவ்வளவோ அதிகம். அதனால்தான் 1 சதவீத உப்பால் அதிலிருந்து தண்ணீரை உருவ முடியவில்லை. கணக்குப் போட்டால் 1 சதவீத உப்புக் கரைசலின் சவ்வூடு அழுத்தம், அதாவது தண்ணீரை இழுக்கும் வலு, சுமார் 0.8 மெகாபாஸ்கல், 5 சதவீதத்துக்குச் சுமார் 4. எந்தப் படியில் எந்தச் செல் தளர்கிறது என்று குறித்துக்கொண்டால், உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். மைக்ரோஸ்கோப்புக்கு அழுத்தம் தெரியாது, வடிவம்தான் தெரியும். இந்த உப்புப் படிக்கட்டைச் சேர்த்தால் அது ஒரு அழுத்தமானியும் ஆகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் இதையே நுண்ணிய கண்ணாடி ஊசியைக் காப்பு செல்லுக்குள் நேரடியாகச் செருகி அளந்திருக்கிறார்கள். ஃபாபா அவரையில் துளை அகலத் திறக்கும்போது 4, 5 மெகாபாஸ்கல் வரை போகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 0.2 சொச்சம் மெகாபாஸ்கல். கண்ணுக்கே தெரியாத செல் அதைப்போல இருபது மடங்கைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இதை வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, படிக்கட்டைக் காட்டினால் நம்புகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சமையல் உப்பு மெதுவாகச் செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடும். பத்து நிமிடம் கடந்தால் கணக்கு குழம்பும். நுணுக்கமாகச் செய்ய வேண்டுமென்றால் சர்க்கரையோ மேனிடாலோ நல்லது, அவை அவ்வளவு எளிதாக உள்ளே போகாது. சர்க்கரைக் கரைசல் பிசுபிசுப்பாக மேடையில் ஒட்டும் என்பது வேறு விஷயம். கடைசியில் மறுபடி நல்ல தண்ணீரை ஓடவிட்டால் ஊதா விரிந்து மூலையைத் தொடும். அப்படி விரியாத செல் இறந்துவிட்டது என்று அர்த்தம். உயிர்ச் சோதனையும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கருவியின் முதல் குறையும் வெளியே வந்தது. கரைசலை ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஃபோகஸ் இறங்குகிறது. கவர் ஸ்லிப்புக்குக் கீழே திரவம் ஓடுவதால் உரி மேலும் கீழும் அசைவது இயல்பு, அதைச் சொல்லவில்லை. ஒன்றுமே தொடாமல் விட்டாலும் மேடை தன் எடையாலேயே மெல்ல இறங்குகிறது. பெரிய ஃபோகஸ் திருகின் உள்பக்கம் இறுக்கும் வளையம் ஒன்று இருக்கிறது, அதை இறுக்கினால் பெருமளவு நிற்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வளையத்தை இறுக்கிய பிறகும் நுண் திருகில் திசை மாற்றும்போது ஒரு சின்ன வெற்று ஓட்டம் இருக்கிறது, கை பழகினால் தொந்தரவில்லை. மேடையின் நகர்வுத் திருகுகள் நன்றாக இருக்கின்றன. ஒரு ஜோடியைப் பிடித்தால் அது அங்கேயே இருக்கிறது, அளவுகோலின் எண்ணைக் குறித்து வைத்தால் ஸ்லைடை எடுத்துவிட்டு வைத்தாலும் திரும்பப் பிடிக்கலாம். ஸ்லைடைப் பிடிக்கும் கிளிப்பின் ஸ்பிரிங்தான் தேவைக்கு மேல் விறைப்பு, விரலை விட்டதும் சட்டென்று அடித்து ஸ்லைடைத் தள்ளுகிறது.

இன்னொன்று: 40 மடங்கு லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் கூட இடமிருக்காது. ஓரத்தில் உப்புக் கரைசல் அதிகமாக விட்டால் லென்ஸின் முகத்தில் ஏறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த லென்ஸ் பேப்பரால் அன்றே துடைக்க வேண்டும்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே விளக்கு வெறும் விளக்கில்லை. அது சோதனையின் ஒரு பகுதி.

உப்பால் மூடுவது நாம் வெளியிலிருந்து தண்ணீரை உருவிச் செய்கிற காரியம். செடி தானாகத் திறப்பது வேறு வழியில். நீல ஒளி பட்டதும் காப்பு செல்லின் சவ்வில் உள்ள புரோட்டான் பம்புகள் ஓட ஆரம்பித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். அதனால் சவ்வின் உள்பக்க மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாகும், பொட்டாசியம் அயனிகள் தங்கள் வாயில் வழியாக உள்ளே இழுக்கப்படும். கூடவே குளோரைடு வரும், செல்லுக்குள்ளேயே மாலேட் என்ற கரிம அயனி உருவாகும். கரைபொருள் கூடியதும் தண்ணீர் பின்னாலேயே வரும். முதிர்ந்த காப்பு செல்லுக்கும் அக்கம்பக்கத்து செல்லுக்கும் நேரடி இணைப்புக் குழாய்கள் இல்லாமல் போவதால், சேர்த்தது கசிந்து போகாமல் உள்ளேயே நிற்கிறது. நீல ஒளியை உணரும் ஃபோட்டோட்ரோபின்கள்தான் இதற்குக் காரணம் என்று 2001இல் உறுதியானது.

இப்போது விளக்குக்கு வாருங்கள். வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீலம்தான். 450 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு கூர்மையான உச்சம் இருக்கும், அதன் மேல் பூசிய பொருள்தான் மஞ்சளைச் சேர்த்து வெள்ளையாக்குகிறது. ஆக, இந்தக் கருவியின் விளக்கைப் போட்டாலே இலைத்துளைக்குத் திறக்கச் சொல்லி உத்தரவு போகிறது! மூடிய துளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், பார்ப்பதாலேயே அது மாறலாம். எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை, பாதி வேலையை விளக்கே செய்துவிடுகிறது. இருட்டில் வைத்த இலையிலிருந்து எடுத்த உரியை, லிட்டருக்கு 3.7 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் போட்டு, இந்த விளக்கின் கீழேயே வைத்துவிடலாம். இரண்டு மூன்று மணி நேரம் பொறுமை வேண்டும். மூடுவது நிமிடங்களில் நடக்கும், திறப்பது அவ்வளவு வேகமில்லை. பொட்டாசியம் இல்லாத வெறும் தண்ணீரில் இன்னொரு உரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பேசும். இதற்கு ரியோவைவிடக் கனாவாழை நன்றாக ஒத்துழைக்கும், அதன் இனத்துச் செடிகளை ஆய்வாளர்கள் விரும்பி எடுப்பதற்கும் உரியின் சுலபம்தான் ஒரு காரணம். காற்று புகாமல் ஆவியாவதைத் தடுக்க, கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

பழைய ஹாலோஜன் விளக்கு இருந்த மைக்ரோஸ்கோப்பில் இதைச் செய்ய முடியாது. நீலம் குறைவு, வெப்பம் அதிகம், அரை மணியில் உரி வெந்துவிடும். இதில் மேடையைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் ஒளியைக் குறைக்கும் திருகு மகா மட்டம். முதல் கால் சுற்றிலேயே முழு வெளிச்சம் வந்துவிடுகிறது, மீதி முக்கால் சுற்றுக்கு வேலையே இல்லை. குறைந்த ஒளியில் கேமராவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது.

இந்தப் பொட்டாசியம் கதைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. விறைப்பழுத்தம்தான் திறக்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹ்யூகோ ஃபான் மோல் 1856இல் எழுதிவிட்டார். அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நெடுங்காலம் சிக்கல். ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுவதுதான் காரணம் என்று பல தலைமுறை படித்தது. இமாமுரா என்ற ஜப்பானியர் 1943இலேயே பொட்டாசியத்தைச் சுட்டிக்காட்டினார், உலகம் திரும்பிப் பார்த்தது 1960களின் பிற்பாதியில். ஸ்டார்ச் முழுக்கப் பொய் என்றும் இல்லை, மாலேட்டுக்கு மூலப்பொருள் அங்கிருந்தும் வருகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம், பெட்டியோடு வந்த கையேட்டின் ‘அறிவியல் குறிப்பு’ பக்கத்தில் ஸ்டார்ச்–சர்க்கரைக் கொள்கையை மட்டும் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்தார்களோ!

கையேட்டின் அடுத்த அபத்தம் நகப்பூச்சு. இலையின் அடியில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டச் சொல்கிறது. நல்ல முறைதான், எண்ணிக்கை எடுக்க நானே பயன்படுத்துகிறேன். கோதுமை, மக்காச்சோளம் மாதிரிப் புல்லினங்களில் உரி லேசில் வராது, அங்கே டம்பெல் வடிவக் காப்பு செல்லைப் பார்க்க இதுதான் சுலபமான வழி. ஆனால் அந்தப் பக்கத்துக்கு ‘உயிருள்ள துளையைக் காண்க’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். அது அச்சு. அச்சுக்கு ஏது உயிர்? கூடவே தந்திருக்கும் ஆயத்த ஸ்லைடும் சிவப்புச் சாயமேற்றிய செத்த தோல்தான்.

கருவியில் எனக்கு எதிர்பாராத லாபமாகக் கிடைத்தது மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கன்டென்சரின் அடியில் இருக்கும் ஃபில்டர் வளையம். நீலக் கண்ணாடி வைப்பதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஃபிலிமை வெட்டி வைத்தேன், இன்னொரு துண்டைக் கண்ணருகு லென்ஸின் மேல் வைத்துச் சுற்றினேன். ஒரு கோணத்தில் பின்னணி முழுக்க இருட்டாகி, காப்பு செல்களின் சுவர் மட்டும் பளிச்சென்று எரியும். ஸ்டார்ச் மணிகள் சிலுவைக் குறியோடு மின்னும். சுவர் ஒளிர்வதற்குக் காரணம், அதிலுள்ள செல்லுலோஸ் இழைகள் தாறுமாறாக இல்லாமல் ஒரு ஒழுங்கில் கிடப்பதுதான். அவை செல்லைக் குறுக்கே வளையம் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. அழுத்தம் ஏறும்போது செல்லால் பருமனாக முடியாது, நீளத்தான் முடியும். இரண்டு நுனியும் ஜோடியோடு ஒட்டியிருப்பதால் நீள்கிற செல் வெளிப்பக்கமாக வளைகிறது, நடுவில் வாய் திறக்கிறது. துளைப் பக்கச் சுவர் தடிமனாக இருப்பதால் வளைகிறது என்று மட்டும்தான் பல புத்தகங்கள் சொல்கின்றன. 1973இல் பலூன் மாதிரிகளைக் கட்டி ஊதிப் பார்த்த ஆய்வு ஒன்று, தடிமனைவிட இந்தக் குறுக்கு வளையங்களுக்கே பங்கு அதிகம் என்று காட்டியது. அதைப் பற்றிப் படித்தது முன்பே. ஆனால் அந்த ஒளிர்வை வகுப்பறை மேசையிலேயே பார்க்கலாம் என்று நினைக்கவில்லை. விளம்பரத்தில் இதைப் போட்டிருந்தால் 2500 மடங்கைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

பக்கத்து செல்களை மறந்துவிடக் கூடாது. அவையும் விறைப்பாக இருந்துகொண்டு காப்பு செல்லைத் திருப்பித் தள்ளுகின்றன. அழுத்தம் குறைவாக இருந்தாலும், பல செடிகளில் அந்தத் தள்ளலுக்கு நெம்புகோல் பலம் அதிகம். இலையைக் காம்போடு வெட்டினால் துளை உடனே மூட வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது நேரெதிர். முதல் சில நிமிடம் இன்னும் அகலமாகத் திறக்கும், அப்புறம்தான் மூடும். சுற்றியிருக்கும் செல்கள் முதலில் தளர்ந்து பிடியை விடுவதுதான் காரணம், ஐவனாஃப் விளைவு என்பார்கள். உரியில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உரிக்கும்போது பக்கத்து செல்கள் கிழிந்திருந்தால் துளை இயல்பைவிட அகலமாகத் தெரியும். அமிலத்தன்மை கூடிய கரைசலில் ஊறவைத்துப் பக்கத்து செல்களை மட்டும் கொன்று, காப்பு செல்களை உயிரோடு விட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் அகலம் கூடத்தான் செய்தது. ஆகவே நீங்கள் அளக்கும் எண் இலையில் இருந்த எண் என்று எழுதிவிடாதீர்கள். ரியோவில் ஊதா நிறம் நிற்கிறதா, வழிந்து போயிருக்கிறதா என்று பார்த்தாலே பக்கத்து வீட்டுக்காரரின் உடல்நிலை தெரிந்துவிடும். கனாவாழையில் நிறம் இல்லாததால் நியூட்ரல் ரெட் சாயம் ஒரு சொட்டு விட வேண்டும், உயிருள்ள செல்லின் நுண்குமிழி சிவக்கும்.

அளப்பது என்றதும் கேமரா ஞாபகம் வருகிறது. படம் சுமார். கண்ணால் பார்ப்பதில் பாதித் தெளிவு, ஊதா நிறம் நீலமாக வருகிறது. ஆனால் வகுப்புத் திரையில் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் காட்டலாம் என்பதால் மன்னிக்கிறேன். மன்னிக்க முடியாதது அதன் அளவிடும் மென்பொருள். லென்ஸை 10லிருந்து 40க்கு மாற்றினால் அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும் அது உள்ளே வைத்திருக்கும் அளவுகோல் இந்தக் குழாய்க்கு உரியது இல்லை. 40 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டிய செல்லுக்கு 90 சொச்சம் காட்டியது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஸ்லைடு ஒன்றை வைத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் நாமே அளவைப் பதிவுசெய்து சேமித்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்த ஸ்லைடைப் பெட்டியில் தரவில்லை. விற்றவர்களிடம் எழுதிக் கேட்டேன், ‘உருப்பெருக்கத்தைச் சரிபார்க்கவும்’ என்று ஒரு பதில் வந்தது, அதோடு சரி. நேரவரிசைப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது, நிமிடத்துக்கு ஒரு படம் வைத்தால் போதும். ஃபோகஸைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உப்புச் சோதனையில் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். வறட்சியில் செடி துளையை மூடுவது இலை வாடித் தொங்கும் வரை காத்திருந்து அல்ல. அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் கூடியதும் காப்பு செல்லே தன் எதிர்மின் அயனிகளையும் பொட்டாசியத்தையும் வெளியே விடுகிறது, தண்ணீர் கூடவே போகிறது. தண்ணீர் பறிபோய் மூடுவதும், உப்பைத் தானே கொட்டித் தண்ணீரை அனுப்பிவைப்பதும் லென்ஸில் ஒரே மாதிரித்தான் தெரியும். அப்சிசிக் அமிலம் கிடைத்தால் 10 மைக்ரோமோலார் கரைசலில் செய்து காட்டலாம், வெளியே தண்ணீரை உறிஞ்சும் அளவுக்கு எதுவும் இல்லாமலேயே துளை மூடும்.

யார் வாங்கலாம்? செடியின் உரி, பாசி, குளத்துத் தண்ணீர் என்று உயிருள்ள பொருளைப் பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், தாராளமாக வாங்கலாம். பாக்டீரியா பார்க்கும் ஆசையில் 2500ஐ நம்பி வாங்குபவர்கள் வேறு பக்கம் பாருங்கள். போனில் மாட்டும் குட்டி லென்ஸ் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். துளை இருக்கும் இடம் புள்ளியாகத் தெரியும், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல வராது.

நான் செய்த ஒரே மாற்றம்: 100 மடங்கு லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 20 மடங்கு லென்ஸ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். திருகு பொது அளவுதான், கையாலேயே ஏறுகிறது. 10இல் துளையைத் தேடி, 20இல் உரி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, 40க்குப் போவது இப்போது சுலபமாகிவிட்டது. வாங்கும்போது லென்ஸின் மேல் ‘160/0.17’ என்று பொறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குழாயின் நீளமும் கவர் ஸ்லிப்பின் தடிமனும் மில்லிமீட்டரில். முடிவிலிக் குறி போட்டது இந்தக் குழாய்க்குச் சரிவராது.